'செக்' என்னும் சொல்: கணக்கு மேசையிலிருந்து தோட்டத்துப் பேரேடு வரை

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகப் பல பொருள்களில் வழங்கும் சொற்களுள் 'செக்' என்பதும் ஒன்று. வங்கிக் காசோலை, சரிபார்ப்பு, தடை, துணியின் கட்டம், சதுரங்கத்தில் அரசனுக்கு வைக்கும் முற்றுகை எனப் பிரிந்து கிடக்கும் இப்பொருள்கள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேர் பாரசீகத்தின் 'ஷாஹ்'. சதுரங்கப் பலகையின் வடிவத்தை ஒட்டி இங்கிலாந்து அரசின் கணக்கு மன்றம் பெற்ற பெயரே இச்சொல்லின் பொருள் விரிவுக்குத் திருப்புமுனையாக அமைந்தது. காசோலைக்கு அரபுச் சொல் மூலம் கூறும் கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. இலங்கை மலையகத் தமிழில் வழங்கிய 'செக்ரோல்' என்னும் பதிவேட்டுப் பெயரின் வரலாற்றையும் அப்பதிவேடு தமிழ்த் தொழிலாளர் வாழ்வில் வகித்த இடத்தையும் விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: செக், சதுரங்கம், கணக்கு மன்றம், காசோலை, அடிக்கட்டை, செக்ரோல், மலையகத் தமிழ், பலபொருள் ஒருசொல்

முன்னுரை

இன்றைய தமிழ்ப் பேச்சில் 'செக்' என்னும் சொல் எத்தனை இடங்களில் வந்து நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். வங்கியில் 'செக்' போடுகிறார்கள். மருத்துவமனையில் 'செக்கப்' செய்துகொள்கிறார்கள். மாநில எல்லையில் 'செக்போஸ்ட்' இருக்கிறது. தொடர்வண்டியில் 'செக்கிங்' வருகிறது. துணிக்கடையில் 'செக்டு' சட்டை கேட்கிறார்கள். நாளேட்டின் தலைப்போ ஓர் அரசியல் தலைவர் மற்றொருவருக்குச் 'செக்' வைத்ததாகச் சொல்கிறது. எழுத்துத் தமிழ் இவற்றுக்கு முறையே காசோலை, பரிசோதனை, சோதனைச் சாவடி, பயணச்சீட்டுச் சோதனை, கட்டம் எனத் தனித்தனிச் சொற்களை வழங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இவை அனைத்தும் செம்மையானவை. ஆயினும் இத்தனை தமிழ்ச் சொற்களாகப் பிரிந்த பிறகு, இவை ஒரே சொல்லின் கிளைகள் என்ற செய்தி பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தமிழ் இலக்கண மரபு நன்கு அறிந்திருந்தது. தொல்காப்பிய எச்சவியல் திரிசொல்லை இருவகைப்படுத்துகையில் ஒன்றாக இதனைக் கூறுகிறது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் இவ்வகைச் சொற்களுக்கெனத் தனித் தொகுதியே வகுத்தன. ஆனால் நிகண்டு ஒரு சொல்லுக்குரிய பொருள்களை அடுக்கித் தருமேயன்றி, அப்பொருள்களுள் எது முந்தியது, எது எதிலிருந்து பிறந்தது என்று கூறுவதில்லை. அது நிகண்டின் நோக்கமும் அன்று. கடன்சொற்களைப் பொறுத்தவரை இந்த வரிசை முறையே வரலாற்றுக்கு இன்றியமையாதது. எந்தப் பொருள் எந்த நிறுவனத்தின் வழியாக நுழைந்தது என்பதை அறிந்தாலன்றி, அச்சொல்லோடு வந்த அதிகார உறவை அறிய இயலாது.

ஒலியளவில் மயக்கம் தரும் இரண்டினைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம். நடு ஐரோப்பாவின் செக் நாட்டுப் பெயருக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை. எண்ணெய் ஆட்டும் செக்கு, தமிழின் சொந்தச் சொல். 'செக்கிறை' என்ற வரிப்பெயராகச் சோழர் காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுவது. கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் இழுத்த செக்கும் அதுவே. குற்றியலுகரம் சேர்த்துக் கடன்சொல்லைச் 'செக்கு' என்று பேசும்போது இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிடுகின்றன.

ஆட்டமும் அரசனும்

இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்' எனவும், அரபு மொழியில் 'ஷத்ரஞ்ச்' எனவும் பெயர் பெற்றது. ஆட்டத்தில் அரசனுக்குத் தாக்குதல் நேரும்போது எதிராளியை எச்சரிக்க 'ஷாஹ்', அதாவது 'அரசன்', என்று குரல் கொடுப்பது பாரசீக மரபு. அரசன் தப்பிக்க வழியின்றி நிற்கும் நிலை 'ஷாஹ் மாத்' எனப்பட்டது. 'மாத்' என்பதற்கு 'இறந்தான்' என அரபு வழியிலும், 'செயலற்று நின்றான்' எனப் பாரசீக வழியிலும் பொருள் கூறுவர். ஆட்டத்தில் அரசன் கொல்லப்படுவதில்லை என்பதால் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

'ஷாஹ்' இடைக்கால இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆயிற்று. ஆங்கிலத்தில் முதல் உயிர் உதிர்ந்து 'செக்' என நின்றது. பன்மை வடிவம் ஆட்டத்தின் பெயராகிச் 'செஸ்' ஆனது. ஆக, ஆங்கிலத்தின் 'செக்', 'செஸ்', பாரசீக மன்னர்களின் பட்டமான 'ஷா' ஆகிய மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 14ஆம் நூற்றாண்டில் சாசர் தம் 'டச்சஸ் நூல்' என்னும் கவிதையில் ஊழோடு சதுரங்கம் ஆடித் தோற்றவனின் புலம்பலை அமைத்த காலத்தில், இச்சொல் ஆங்கிலத்தில் நன்கு வேரூன்றியிருந்தது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இந்தியாவின் பழைய 'அஷ்டாபதம்' எனும் எட்டுக்கு எட்டுப் பலகையில் கட்டங்கள் கோடுகளால் மட்டுமே பிரிக்கப்பட்டிருந்தன. அவை இருநிறம் கொண்டவையல்ல. கட்டங்களுக்கு மாறி மாறி நிறம் தீட்டும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 997ஆம் ஆண்டைச் சேர்ந்த இலத்தீன் செய்யுள் இருநிறப் பலகையைக் குறிப்பிடுகிறது. எனவே இருநிறக் கட்டம் என்ற பொருள் ஆட்டத்தோடு கிழக்கிலிருந்து போனதன்று. சொல் கிழக்கினது, அதன் மேல் ஏறிய இப்பொருள் மேற்கினது.

கட்டமிட்ட துணியும் கணக்கு மன்றமும்

இச்சொல்லின் வரலாற்றில் தீர்மானமான நிகழ்வு சதுரங்க மேடையில் நடக்கவில்லை. வரிக் கணக்கு பார்த்த மேசையில் நடந்தது. இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி (1100–1135) ஆட்சியில் அரசின் வருவாய்க் கணக்கைத் தணிக்கை செய்யும் மன்றம் 'ஸ்கக்காரியம்' என்ற இலத்தீன் பெயரால் வழங்கலாயிற்று. 'சதுரங்கப் பலகை' என்பதே அதன் நேர்ப்பொருள். இதுவே பிரெஞ்சு வழி 'எக்ஸ்செக்கர்' ஆகி, இன்றும் பிரிட்டனின் நிதியமைச்சர் பதவிப் பெயரில் நிலைத்திருக்கிறது. இம்மன்றத்தின் பதிவுச் சுருள்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1129–30ஆம் ஆண்டினது.

மன்றம் இயங்கிய முறையை அறிய நமக்கு வாய்த்த சிறந்த ஆவணம், அரசுக் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் 1170களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய 'கணக்கு மன்ற உரையாடல்' என்னும் இலத்தீன் நூல். மாணவன் வினவ ஆசான் விடை கூறும் அமைப்புடையது. தமிழ் உரைமரபில் பழகியவர்களுக்கு அதன் நடை அந்நியமாகத் தோன்றாது. மேசை 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது. பொருள்கள் சரிந்து விழாதிருக்க நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு கட்டப்பட்டது. ஒவ்வோர் ஈஸ்டர் பருவத்திலும் புதிதாக வாங்கும் கரிய துணி அதன்மேல் விரிக்கப்பட்டது. துணியில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள் இடப்பட்டிருந்தன.

கோடுகளுக்கு இடைப்பட்ட பத்திகள் இடமதிப்புக் கொண்டவை. வலக்கோடியில் பென்ஸ், அடுத்து ஷில்லிங், பின்னர் பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என அவை இடப்புறமாக ஏறிச் சென்றன. ஒவ்வொரு பத்தியிலும் வட்டக் காய்கள் அடுக்கப்பட்டன. கோட்டத்தின் வரியைத் திரட்டிவரும் அதிகாரியாகிய ஷெரிஃப் செலுத்த வேண்டிய தொகை மேல்வரிசையிலும், செலுத்திய தொகை கீழ்வரிசையிலும் வைக்கப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று கழிக்கப்பட்டது. உரோம எண்களில் எழுதிக் கழித்தல் எளிதன்று. சுழியம் அந்நாட்டுக் கணக்கருக்கு அன்னியம். வெறுமையாக விடப்பட்ட கட்டமே அங்குச் சுழியத்தின் வேலையைச் செய்தது.

மன்றத்துக்கு இப்பெயர் வந்த காரணத்தை மாணவன் கேட்கிறான். துணியின் தோற்றம் சதுரங்கப் பலகையை ஒத்திருப்பதை ஆசான் முதலில் சுட்டுகிறார். அத்தோடு நின்றுவிடவில்லை. பலகையில் இரு படைகள் பொருவது போல இம்மேசையின் இருபுறமும் கருவூலத் தலைவரும் ஷெரிஃபும் பொருகின்றனர். மற்றவர் நடுவராக அமர்ந்து காண்கின்றனர் என்ற கருத்துப்பட விளக்குகிறார். எழுத்தறிவில் குறைந்தவரும் காய்களைப் பார்த்தே கணக்கின் போக்கை அறிய முடிந்த, ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு அது. ஆனால் அது அரசுக்குச் சாதகமான வெளிப்படைத்தன்மை. மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்தவருக்கு ஒவ்வொரு காயும் ஒரு முற்றுகை.

ஆட்டத்தில் 'செக்' என்பது தாக்குதல் குறித்த எச்சரிக்கை. அங்கிருந்து 'திடீர்த் தடை', 'கட்டுப்பாடு' ஆகிய பொருள்கள் பிறந்தது இயல்பானது. ஆனால் 'ஒப்பிட்டுச் சரிபார்த்தல்' என்ற பொருள் ஆட்டத்திலிருந்து எளிதில் வருவதன்று. கட்டுப்படுத்துதல் என்ற பொருளுக்குக் கணக்கறைச் சூழல் அமைந்த பின்னரே, கட்டுப்படுத்தும் வழியாகிய ஒப்பீடு பொருளாக மாறியிருக்க வேண்டும். இதற்கு இணையான சான்று 'கன்ட்ரோல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அதன் மூலம் 'எதிர்ச்சுருள்', அதாவது ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த மறுபடி. கட்டுப்பாட்டைக் குறிக்க ஆங்கிலம் இன்று பயன்படுத்தும் இரு முதன்மைச் சொற்களும் கணக்கர் கையிலிருந்து வந்தவை. அமெரிக்க அரசியலமைப்புச் சிந்தனையில் புகழ்பெற்ற 'தடைகளும் சமநிலைகளும்' என்ற தொடரில் ஒன்று பலகையையும் மற்றொன்று தராசையும் நினைவூட்டுவது தற்செயலே. எனினும் இரண்டும் கணக்கறைக்கு ஒவ்வாதவை அல்ல.

துணியின் கட்டம்

துணியைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. பலகையின் இருநிறக் கட்டம் நெசவுக்குப் பெயராயிற்று. பாவிலும் ஊடையிலும் நிற நூல்களை இடைவிட்டு அமைத்து நெய்யும் துணி ஆங்கிலத்தில் 'செக்' எனப்பட்டது. இதில் தமிழகத்தின் பங்கு பெரிது. சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான கட்டமிட்ட கைக்குட்டைத் துணிகள் 'மதராஸ்' என்ற ஊர்ப்பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்பட்டன. பழவேற்காட்டின் பெயர் 'புலிக்கட்' என்ற வடிவில் ஆங்கிலத்தில் வண்ணக் கைக்குட்டைக்கே பெயரானது. மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா ஆகிய கரிபியத் தீவுகளின் மரபுடையில் 'மதராஸ்' இன்றும் இடம்பெறுகிறது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதே துணியை 'இஞ்சிரி' என்று அழைத்துப் பிறப்பு, இறப்புச் சடங்குகளில் போற்றுகின்றனர்.

நெய்தவர்களோ இதனைச் 'செக்' என்று அழைக்கவில்லை. தமிழில் அது கட்டம். தமிழ் நாளேடுகள் ஒருவரைப் பதவியிலிருந்து ஓரங்கட்டுவதைக் 'கட்டம் கட்டுதல்' என்றும், ஒருவரின் முயற்சியை முடக்குவதைச் 'செக் வைத்தல்' என்றும் எழுதுகின்றன. கடன்சொல்லும் சொந்தச் சொல்லும் வெவ்வேறு பாதைகளில் நடந்து ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன.

காசோலை: மூலம் குறித்த சிக்கல்

வங்கிக் 'செக்' அரபு மொழியின் 'ஸக்' என்பதிலிருந்து வந்தது என்ற கருத்து நூல்களிலும் மேடைகளிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. 'ஸக்' என்பது எழுத்து ஆவணம், கடன் பத்திரம் ஆகியவற்றைக் குறிக்கும் சொல். 10ஆம் நூற்றாண்டின் பயண எழுத்தாளர் இப்னு ஹவ்கல், சகாராவின் தென்விளிம்பிலிருந்த அவ்தகஸ்த் நகரில் 42,000 தினார் மதிப்புள்ள இத்தகைய ஆவணம் ஒன்றைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். கெய்ரோவின் ஜெனிசா ஆவணத் தொகுதியில் வணிகர்கள் தம் பணக்காரரிடம் 'இன்னாருக்கு இத்தனை கொடுக்கவும்' என்று எழுதிய ஓலைகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இசுலாமிய உலகின் வணிக நாகரிகம் ஐரோப்பாவுக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. பொருளும் ஒலியும் இவ்வளவு நெருங்கி வருகையில் சொல்லும் அங்கிருந்தே வந்தது என்று கருதுவது இயல்புதான்.

ஆனால் ஆவண வரிசை இக்கருத்துக்குத் துணை நிற்கவில்லை. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய காசோலைகளுள் ஒன்று 1659ஆம் ஆண்டினது. இலண்டனின் கிளேட்டன், மோரிஸ் என்னும் பணக்காரர்கள் மீது 400 பவுண்டுக்கு எழுதப்பட்டது. பொருள் அப்போதே இருந்தது, பெயர் இல்லை. 'செக்' என்ற சொல் பண ஆவணத்தோடு சேர்ந்து வருவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அப்போதும் அது குறித்தது பணம் தரும் தாளையன்று. தாளைக் கிழித்துத் தந்தபின் வழங்கியவரிடம் எஞ்சும் எதிர்த்துண்டையே. கள்ளத் தாளைக் கண்டுபிடிக்க இரு துண்டுகளையும் ஒப்பிட வேண்டும். ஆகவே எஞ்சிய துண்டு 'செக்', அதாவது சரிபார்க்கும் கருவி. பின்னர் எதிர்த்துண்டின் பெயர் அத்துண்டு உள்ள தாளுக்கும், இறுதியில் தாளுக்கு மட்டுமே என்றும் இடம்பெயர்ந்தது. அரபுச் சொல்லே நேரே வந்திருந்தால், அது முதலில் பணம் தரும் ஆவணத்தைக் குறித்திருக்க வேண்டும். எதிர்த்துண்டைக் குறிக்க வழியில்லை. அரசின் கணக்கு மன்றப் பெயரின் சாயலில் பிரிட்டனில் எழுத்துக்கூட்டல் மாறியது. அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டனர். தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு மறைந்து, இரண்டும் மீண்டும் ஒரே 'செக்' ஆகிவிடுகின்றன.

இரு துண்டை ஒப்பிடும் இம்முறையின் முன்னோடியும் அக்கணக்கு மன்றமே. செலுத்திய தொகைக்கு அங்குத் தாளில் பற்றுச்சீட்டு வழங்கப்படவில்லை. மரக்குச்சியில் வெட்டு இடப்பட்டது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூற்றுக்குக் கட்டைவிரல் பருமன், இருபதுக்குச் சுண்டுவிரல் பருமன், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியளவு என வெட்டுகளின் அளவை ஃபிட்ஸ்நைஜல் குறித்திருக்கிறார். வெட்டிய குச்சி நெடுக்காகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி செலுத்தியவரிடமும் மறுபாதி மன்றத்திலும் இருந்தது. இரண்டும் பொருந்தினாலன்றிக் கணக்கு ஒப்பப்படாது. இக்குச்சிகள் 1826இல் வழக்கொழிந்தன. தேங்கிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் அடுப்புகளில் இட்டு எரித்தபோது, தீ பரவி இரு அவைகளும் அழிந்தன. எதிர்த்துண்டுக்குத் தமிழ் தந்த பெயர் 'அடிக்கட்டை'. இதை ஆக்கியவர் ஆங்கிலேயரின் மரக்குச்சியை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் ஆங்கிலம் மறந்துவிட்ட மரத்தைத் தமிழ்ச் சொல் தற்செயலாக நினைவில் வைத்திருக்கிறது.

தமிழ் வணிகருக்குப் பண ஆணை புதிதன்று. நகரத்தார் உள்ளிட்ட வணிகர்கள் கையாண்ட உண்டியல், ஓரூரில் எழுதி வேறூரில் பணம் பெறும் ஏற்பாடு. அச்சொல்லையே வங்கித் தாளுக்கும் நீட்டித்திருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் உண்டியல் கோயிலிலும் வீட்டிலும் காசு போடும் கலமாகச் சுருங்கியது. இலங்கைத் தமிழரிடையே வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் முறைக்கு அது பெயராக இன்றும் வாழ்கிறது. வங்கித் தாளுக்கு வாய்த்தது காசோலை. காசும் ஓலையும் சேர்ந்த இக்கூட்டுச் சொல் 20ஆம் நூற்றாண்டின் கலைச்சொல்லாக்கத்தில் மிக வெற்றி பெற்றவற்றுள் ஒன்று. ஆனால் அது 'செக்' என்ற சொல்லிலுள்ள தடைப் பொருளை ஏற்கவில்லை.

அத்தடைப் பொருள் நடைமுறையில் வேறு வழியாக மீண்டது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், 1988இல் இயற்றிய திருத்தத்தால் 138ஆம் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் பணமின்றித் திரும்பும் காசோலை குற்றவியல் வழக்குக்கு உரியதாயிற்று. அதன்பின் கடன் கொடுப்பவர்கள் கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையைப் பிணையாக வாங்கி வைப்பது பெருவழக்கானது. விரும்பித் தந்த வெற்றுக் காசோலையில் பிறர் விவரங்களை நிரப்பினாலும் கடன் உண்டு என்ற சட்ட ஊகம் பொருந்தும் என்று 2019இல் பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன்பட்டவர் அக்கடன் இல்லை என நிறுவலாம். ஆனால் நிறுவும் பொறுப்பு அவருடையது. காசைத் தர எழுதிய ஓலை, எழுதியவருக்கே வைத்த 'செக்' ஆகிறது. பேச்சுத் தமிழ் இதற்குக் காசோலை என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் 'செக்' என்றே கூறுவதில் பொருத்தம் இல்லாமல் இல்லை.

செக்ரோல்

இச்சொல்லின் கிளைகளுள் தமிழ் ஆய்வுலகம் குறைவாகவே கவனித்தது 'செக்ரோல்'. இதன் மூலமும் பழையது. அரண்மனையிலும் பிரபுக்களின் இல்லத்திலும் ஊதியம் பெற்ற பணியாளர் பெயர்ப் பட்டியல் 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்பெயரால் வழங்கியது. ஏழாம் ஹென்றியின் 1487ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரண்மனைச் 'செக்' சுருளில் பெயர் பதிந்த பணியாளரைப் பற்றிப் பேசுகிறது. யார் பணியில் இருக்கிறார், யாருக்கு உணவும் ஊதியமும் உரியவை என்பதைச் சரிபார்க்கும் பட்டியல் அது.

அரண்மனைப் பட்டியலின் இப்பெயர் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. முதலில் காப்பி, அது நோயால் அழிந்த பின் தேயிலை எனப் பரவிய தோட்டங்களில், தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக அழைத்து வரப்பட்ட தொழிலாளரின் அன்றாட வருகையும் கூலியும் பதியப்பட்ட பேரேடு 'செக்ரோல்' எனப்பட்டது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே பெயர் வழங்கியது. விடியுமுன் தப்பு ஒலிக்க, தொழிலாளர் பெரட்டுக்களத்தில் கூடுவர். அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 'பெரட்டு' ஆயிற்று. கணக்கப்பிள்ளை பெயர் பதிவார்.

இப்பேரேடு மலையகத் தமிழின் பொருளமைப்பையே மாற்றியது. அங்குப் 'பேர்' என்பது ஒரு நாள் கூலி. பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு குறைந்தால் 'அரைப்பேர்'. ஒருவருக்குப் பெயர் விழுவது என்றால் கூலி விழுவது என்று பொருள். பேரேட்டில் பெயர் எழுதப்பட்டால்தான் உழைத்த நாள் உழைத்த நாளாகும் என்ற நிலையில், பெயரும் கூலியும் ஒரே சொல்லாயின. ஒரு மனிதரின் பெயரைப் பாதியாக்கும் வழக்கு தமிழின் வேறு எவ்வட்டாரத்திலும் காண்பதரிது. மொழியியலார் இதனை ஆகுபெயர் என்று வகைப்படுத்துவர். வகைப்பாடு சரியே, அவ்வாகுபெயர் எந்த மேசையில் உருவானது என்பது அதைவிட முதன்மையானது.

கங்காணிக்கும் இப்பேரேடே வருவாய். தன் கீழுள்ள தொழிலாளர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவன் பெற்ற கழிவுத் தொகை, 'பென்ஸ் காசு' எனப்பட்டது. கணக்கு மன்றத்து மேசையின் வலக்கோடிப் பத்தியில் இருந்த நாணயப் பெயர், ஏழு நூற்றாண்டு கழித்து மலையகத் தமிழில் வாழ்ந்தது. வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறியிருந்த தொழிலாளிக்கு, தோட்டம் தந்த அரிசியின் விலையும் பிற பிடித்தங்களும் போக எஞ்சியதே கையில் கிடைத்தது. ஷெரிஃபின் கணக்கைப் போலவே இங்கும் மேல்வரிசையில் கடன், கீழ்வரிசையில் கழிவு. வேறுபாடு ஒன்றே: ஷெரிஃப் மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்து காய்கள் நகர்வதைத் தம் கண்ணால் கண்டார். தொழிலாளியின் கணக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கங்காணியின் வாயாலேயே அவரை எட்டியது.

சொற்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்தன. கங்காணியின் கடனைத் தீர்த்தால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு 'துண்டு' எனப்பட்டது. இத்தமிழ்ச் சொல் அப்படியே இலங்கையின் ஆங்கில நிர்வாக ஆவணங்களில் இடம்பெற்றது. துண்டைக் காட்டி அதிக முன்பணம் தரும் தோட்டத்துக்குக் குழுவோடு மாறுவது கங்காணிகளின் உத்தி. ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருகித் தொழிலாளர் தலையில் விழுந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. செக்ரோல் ஒழியவில்லை. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுத்த 1927ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் வேலைநாள் பதிவின் முக்கியத்துவம் இன்னும் கூடியது.

இலங்கை விடுதலை பெற்ற பின் பதிவுக்கு வேறொரு கனம் ஏறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது முன்னோரின் பிறப்பை இலங்கையில் நிறுவக் கோரியதால், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவின் மூலம் குடியுரிமை பெற ஒரு வழி வைத்தது. 1946 சனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வசித்திருக்க வேண்டும்; அதைச் சான்றுகளால் காட்ட வேண்டும். சொந்த நிலமோ வீட்டுப் பத்திரமோ இல்லாத, தோட்டத்து லயன் அறைகளில் வாழ்ந்த மக்களுக்கு எழுத்துச் சான்று என்று இருந்தவை பெரும்பாலும் தோட்டத்தின் பதிவுகளே. கூலியைக் கட்டுப்படுத்த எழுதிய பேரேடு, வாழ்ந்ததற்குச் சாட்சியாக நிற்க வேண்டியதாயிற்று.

அப்பணிக்கு அது ஏற்றதன்று. செக்ரோல் வேலைநாளைப் பதியுமேயன்றி வசிப்பைப் பதியாது. பிள்ளைப்பேற்றுக்காகவோ நோயாலோ வேலைக்குச் செல்லாத மாதங்கள் அதில் வெற்றிடங்கள். உறவினரைக் காணத் தமிழகம் சென்று திரும்பியவரின் இடைவெளியும் அவ்வாறே தோன்றும். எழுதுவோர் செவியில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் பதியப்பட்ட பெயர், பிறப்புப் பதிவிலுள்ள பெயரோடு ஒத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. கணக்கு மன்றத்தில் இரு குச்சிகள் பொருந்தாவிட்டால் தொகை ஒப்பப்படாது. இங்கு இரு பெயர்கள் பொருந்தாவிட்டால் மனிதர் ஒப்பப்படார். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய விண்ணப்பங்களில் ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர்.

எஞ்சியோரைப் பற்றிய 1964 அக்டோபர் 30 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் தனியாட்களின் வசிப்பைப் பார்க்கவில்லை, தொகையைப் பங்கிட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தம் கையெழுத்தான அந்த நாளிலிருந்து இலங்கையில் நிலையாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அதற்குள் தமிழகம் திரும்பியவர்களுள் பலர், நீலகிரியிலும் கூடலூரிலும் வேறு தோட்டங்களின் பேரேடுகளில் தம் பெயரை எழுதிக்கொண்டிருந்தனர்.